பாயிரம் பிறர் உரைக்கட்டும்

பினாங்குத் தீவின் தென்கிழக்கே, குன்றுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் சமவெளி பாயான் லெப்பாஸ். 1935ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வானூர்தி நிலையம் அங்கேதான் இருக்கிறது. பாம்புக் கோயிலும் அதற்கு அணித்தே உள்ளது. ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்நிலத்தில் இன்று மின்னணுச் சில்லுகள் விளைகின்றன. துன் டாக்டர் லிம் சோங் இயூவின் பெயர் தாங்கிய விரைவுச்சாலையில் செல்லும் எவர் கண்ணுக்கும், வரிசை வரிசையான தொழிற்சாலைகளும் அவற்றின் முகப்பில் மின்னும் பெயர்ப்பலகைகளும் தப்புவதில்லை.

அத்தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, வரவேற்பறையில் வழவழப்பான தாளில் அச்சிட்டு வைக்கப்பட்டிருப்பது. மற்றொன்று, அவ்வாயிலுள் நுழைந்து உழைத்து வெளியேறியவர்களும், வெளியே நின்று பார்த்து எழுதியவர்களும் அறிந்தது. முன்னதை எழுதுவோர்க்கு ஊதியம் உண்டு. பின்னதை எழுதுவோர்க்குப் பெரும்பாலும் உழைப்பு மட்டுமே உண்டு. இவ்விரண்டனுள் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கது எது? இக்கேள்வி நேற்றுவரை நூலகங்களுக்குள் அடங்கிக் கிடந்தது. இன்று இணையக் கலைக்களஞ்சியம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் திறக்கிறது. ஒரு நிறுவனத்தில் வேலை தேடும் இளைஞனும், அதில் முதலிடும் ஓய்வூதியரும், அதைப்பற்றிக் கட்டுரை எழுதும் மாணவியும் முதலில் பார்ப்பது அதனையே. ஆதலின் இக்கேள்வி இப்போது ஊர்க்கேள்வியாகிவிட்டது.

2001ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் 2003ஆம் ஆண்டு தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியா, எவரும் எழுதலாம் என்னும் பெருந்தன்மையின் மேல் எழுந்த மாளிகை. அம்மாளிகையின் கதவு திறந்தே கிடப்பதால், அறிஞர் நுழையும் வழியே விளம்பரக்காரரும் நுழைகின்றனர். அவர்கள் எழுதும் கட்டுரையை அடையாளம் காண்பது அரிதன்று. “தொலைநோக்கு மிக்க தலைமையின் கீழ், வாடிக்கையாளரின் மனநிறைவையே உயிர்மூச்சாகக் கொண்டு, உலகத் தரமான தீர்வுகளை வழங்கிவரும் முன்னணி நிறுவனம்” என்று அது தொடங்கும். பெற்ற விருதுகளின் பட்டியலோடு அது முடியும். இடையில் நிறுவனரின் இளமைக்கால வறுமையும், அவர்தம் விடாமுயற்சியும் ஒரு பத்தியை நிரப்பும்.

இவ்வாக்கியத்தைச் சற்றே உரசிப் பார்க்கலாம். முன்னணி என்றால் எவர்க்கு முன்னே? எந்த ஆண்டுக் கணக்கில்? கணக்கிட்டவர் யார்? உலகத் தரம் என்பதை அளந்த கோல் யாது? தீர்வு என்கிறார்களே, சிக்கல் யாருடையது? அந்நிறுவனம் செய்வது திருகாணியா, மென்பொருளா, காப்பீடா என்பதுகூடக் கட்டுரையை இருமுறை படித்த பின்னும் விளங்குவதில்லை. சொற்கள் நிரம்பியிருக்கின்றன, செய்தி இல்லை. பொய் சொன்னால் மறுக்கலாம். மறுக்கவும் இயலாத, மெய்ப்பிக்கவும் இயலாத வெற்றுரைக்கு என்ன விடை சொல்வது? விளம்பரத் தொனியின் சூழ்ச்சி இதுவே. அது பொய்யுரைப்பதைக் காட்டிலும், கேள்வி எழும் இடங்களையெல்லாம் பட்டுத்துணியால் மூடிவிடுவதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது.

தமிழ் மரபுக்கு இந்நோய் புதிதன்று; அதற்கான மருந்தும் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எத்துணை அரிய நூலை இயற்றியவனாயினும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விதித்தார். அதனாலேயே நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லும் கடமையை ஆசிரியனிடமிருந்து எடுத்து, அவனுடைய ஆசான், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரிடம் ஒப்படைத்தார். தன்னைப் புகழ்ந்து கொள்ளவும் சில இடங்களை அவர் ஒதுக்கினார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், பிறர் தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன் பெருமையைத் தானே கூறலாம் என்றார். இன்றைய நிறுவனத்துக்கும் அத்தகைய இடங்கள் உள்ளன. அதன் சொந்த இணையத்தளம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் நாளேட்டுப் பக்கம் இருக்கிறது. பங்குதாரர் கூட்டம் இருக்கிறது. அங்கெல்லாம் அது தன் புகழைப் பாடிக் கொள்ளட்டும். பாயிரம் மட்டும் பிறர் உரைக்கட்டும் என்பதே கேட்பது.

விக்கிப்பீடியாவின் ‘குறிப்பிடத்தக்கமை’ விதி இதைத்தான் வேறு சொற்களில் வற்புறுத்துகிறது. ஒரு நிறுவனம் தனிக் கட்டுரை பெற வேண்டுமாயின், அதனோடு தொடர்பற்றவர்கள், நம்பத்தக்க வெளியீடுகள் பலவற்றில், அதைப்பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். நிறுவனம் விடுத்த செய்திக்குறிப்பை நாளேடு வரிமாறாமல் அச்சிட்டால் அது சான்றாகாது. நிறுவனரின் நேர்காணலில் அவரே சொன்னது சான்றாகாது. கிளை திறப்பு, ஒப்பந்தம் கையெழுத்து, இன்னார் பதவியேற்பு என்னும் போகிற போக்கிலான குறிப்புகளும் போதா. நன்னூல் ஆசானையும் மாணாக்கனையும் ஏற்றது. இவ்விதியோ அவர்களையும் உறவினர் என்று ஒதுக்கி, உறவற்றவன் வாய்ச்சொல்லையே கேட்கிறது. கடுமை மிகுந்த விதிதான். ஆயினும், புகழுரை ஒரு தொழிலாகி, அதற்கு மாதச் சம்பளமும் அமைந்துவிட்ட காலத்தில் அக்கடுமை மிகையாகாது.

“பெரிய நிறுவனமாயிற்றே, அதற்குக் கட்டுரை வேண்டாவா?” என்று வினவுவோர் உளர். பெருமை வேறு, சான்று வேறு. பாயான் லெப்பாஸின் கதையே இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1969ஆம் ஆண்டு பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. வாணிபம் சுருங்கியது, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ, 1990 வரை அப்பதவியில் இருந்தார். அவர் ஆட்சியில், 1972ஆம் ஆண்டு, பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. நேஷனல் செமிகண்டக்டர், இண்டெல், அட்வான்ஸ்ட் மைக்ரோ டிவைசஸ், ஹெவ்லட் பேக்கர்ட், லிட்ரோனிக்ஸ், ஹித்தாச்சி, கிளாரியன், போஷ் ஆகிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று ஊரார் அவற்றுக்குப் பட்டமும் சூட்டினர்.

இவ்வெட்டும் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கவை என்பதில் ஐயமில்லை. அத்தகுதியை அவற்றுக்கு அளித்தது பெயர்ப்பலகையின் பருமனா? அன்று. பொருளியல் அறிஞரும், சமூக ஆய்வாளரும், செய்தியாளரும் அவற்றைப் பற்றித் தத்தம் பொறுப்பில் ஆராய்ந்து எழுதினர். அவ்வெழுத்தே அத்தகுதியை அளித்தது. அவ்வெழுத்தைத் திறந்தால், வரவேற்பறை ஏட்டில் காணாத பக்கங்கள் அங்கே விரிகின்றன.

1970களில் அயல்நாட்டு முதலீட்டாளரை ஈர்ப்பதற்காக மலேசியாவின் சார்பில் வெளிவந்த ஏடு ஒன்று, கீழ்த்திசைப் பெண்களின் சிறிய கைகளையும் அவற்றின் விரைவையும் வியந்து போற்றியது. புகழுரைதான், ஆனால் யாருக்குப் புகழ்? சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுவதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சிறிது. கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து, நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளோடு பிணைத்த அப்பெண்களுள் மிகுதியானோர் மலாய் நங்கையர். தமிழ்ப் பெண்களும் சீனப் பெண்களும் அவர்களோடு அமர்ந்திருந்தனர். ஊதியம் கொணர்ந்த அவர்களையே ஊர் ‘மினா காரான்’ என்று எள்ளியது. கண்நோவையும், இரவுப் பணியின் சோர்வையும் பதிவு செய்தவர்கள் ஆய்வாளரே. நிறுவன ஏடுகளில் அக்கைகளுக்குப் புன்னகை இருந்தது; பெயர் இல்லை.

1980களின் நடுவில் பொருளியல் மந்தம் வந்தபோது மின்னணுத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அத்துறையின் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டு அரசு இசைந்தபோதும், அவ்விசைவு நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கங்களோடு நின்றது. வட்டார அளவில் ஒன்றுகூடும் உரிமைக்கு மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. இச்செய்திகள் நிறுவனங்களைப் பழிப்பதற்காகத் திரட்டப்பட்டவை அல்ல. இவை வரலாறு. “1972 முதல் பினாங்கு மக்களோடு” என்னும் ஒற்றை வரியால் இவை அழிந்துவிடலாகாது.

அந்த ஒற்றை வரியே எவ்வளவு மெய் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நேஷனல் செமிகண்டக்டர் 2011ஆம் ஆண்டு டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கைக்குப் போயிற்று. ஹெவ்லட் பேக்கர்டின் அளவைக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலெண்ட் ஆயிற்று. அதிலிருந்து 2014இல் கீசைட் பிரிந்தது. அட்வான்ஸ்ட் மைக்ரோ டிவைசஸ் தன் பினாங்கு ஆலையின் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை 2016இல் சீன நிறுவனமொன்றுக்கு விற்றது. 2019இல் கிளாரியன் பிரெஞ்சு நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. கட்டடம் நிற்கிறது, உடையவன் மாறிக்கொண்டே இருக்கிறான். யார் யாரை வாங்கினார், எந்த ஆண்டில், எவ்வளவுக்கு என்று சொல்வது கலைக்களஞ்சியத்தின் கடன். ‘நம் குடும்பம்’ என்று சொல்வது விளம்பரத்தின் கடன். இரண்டையும் ஒரே பக்கத்தில் குழைத்தால், படிப்பவன் எதையும் அறியாமல் எழுந்து போவான்.

அறிவிப்பு வேறு, நிகழ்ச்சி வேறு என்பதும் அத்தகைய பக்கங்களில் மறைந்துபோகிறது. 2021 டிசம்பரில் இண்டெல் நிறுவனம், மலேசியாவில் பத்தாண்டுகளில் 3,000 கோடி ரிங்கிட் முதலிடப் போவதாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அதே நிறுவனம், உலகளவில் தன் ஊழியருள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. இரண்டும் அறிவிப்புகள், இரண்டும் ஒரே நிறுவனத்தின் வாயிலிருந்து வந்தவை. முதலாவதைச் சாதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடும் கட்டுரை, ஒரு கண்ணால் மட்டும் அழும் கட்டுரை. நடுநிலை என்பது இரண்டையும் நாள் குறித்து வைத்து, பின் நிகழ்ந்தது யாது என்று காத்திருந்து எழுதுவதாகும்.

“விருதுகள் சான்றாகாவா?” என்னும் வினா அடுத்து எழும். இந்தியாவின் சத்யம் நிறுவனம் அதற்கு விடை கூறும். 2008ஆம் ஆண்டு, நிறுவன ஆளுகையில் சிறந்து விளங்கியதற்காக அதற்குத் ‘தங்க மயில்’ விருது வழங்கப்பட்டது. 2009 ஜனவரி 7ஆம் நாள், கணக்கேடுகளில் பல்லாயிரங்கோடி ரூபாய் பொய்யாக எழுதப்பட்டதை அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். விருது திரும்பப் பெறப்பட்டது. விருதுப் பட்டியலை மட்டும் நம்பிப் பங்கு வாங்கியவனின் பணம் திரும்பி வந்ததா?

இந்தியத் திட்டமிடல் மேலாண்மைக் கழகம் என்னும் தனியார் கல்வி நிறுவனத்தின் கதை இன்னும் கொடியது. நாளேடுகளின் முழுப்பக்கங்களில் அதன் விளம்பரம் ஒளிர்ந்தது. அது பல்கலைக்கழகம் அன்று என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. 2013 பிப்ரவரியில், குவாலியர் நீதிமன்ற ஆணையின் பேரில், அந்நிறுவனத்தைக் குறைகூறிய 73 இணையப் பக்கங்கள் முடக்கப்பட்டன. அவற்றுள் மானியக் குழுவின் அறிவிப்பும் ஒன்று! 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மீது கடுந்தடை விதித்தது. இதற்கிடையே ஆங்கில விக்கிப்பீடியாவில் நிருவாகி உரிமை பெற்றிருந்த பயனர் ஒருவர், அந்நிறுவனம் பற்றிய கட்டுரையை ஆண்டுக்கணக்கில் அதற்குச் சாதகமாக வளைத்தார் என்னும் குற்றச்சாட்டு விசாரிக்கப்பட்டு, 2015 பிப்ரவரியில் அவர் தடைசெய்யப்பட்டார். அக்கட்டுரையைப் படித்து, அதை நம்பி, தந்தையின் சேமிப்பைக் கட்டணமாகச் செலுத்திய பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். விளம்பரத் தொனி வெறும் நடைக்குற்றம் என்று இனியும் எவரேனும் சொல்வாரோ?

அதே 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை ஒருங்கே முடக்கியது. 210 கட்டுரைகளை நீக்கியது. அவற்றை இயக்கிய கும்பல், தகுதியில்லை என்று தள்ளப்பட்ட கட்டுரைகளைத் தேடிப்பிடித்து, உரிய நிறுவனங்களிடம் பணம் பெற்று வெளியிட்டது. பிறகு கட்டுரையைக் காப்பதற்கு மாதந்தோறும் பணம் கேட்டது. புகழை விலைக்கு வாங்கப் புகுந்தவன் கடைசியில் அடியாளுக்குக் கப்பம் கட்டினான். பணம் பெற்று எழுதுவோர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டே விதி பிறந்திருந்தது. விதி பிறந்தால் போதுமா? அதைக் காக்கும் கண்கள் வேண்டும்.

இனி, எதிர்வாதங்களுள் வலுவான ஒன்றைப் பார்க்க வேண்டும். “இவ்விதி பெரியவர்க்கு வாய்ப்பானது. ஜார்ஜ்டவுன் சந்தில் மூன்று தலைமுறையாக நடக்கும் தமிழ் அச்சகத்தைப் பற்றியோ மாவு மில்லைப் பற்றியோ எந்த ஆங்கில ஏடு எழுதிற்று? எழுதாததால் அவை குறிப்பிடத்தக்கவை அல்ல என்பது அநீதி” என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. வசதி படைத்தவனைப் பற்றியே செய்தியாளன் எழுதுகிறான். எளியவன் வரலாறு ஏட்டில் ஏறுவதில்லை.

நோய் இஃதென்று ஒப்புக்கொள்ளலாம். அதற்காக விதியைத் தளர்த்துவது மருந்தாகுமா? விதி தளர்ந்த மறுநாளே உள்ளே புகுபவன் மாவு மில்காரனா? அவனுக்கு அதற்கு நேரமேது? விளம்பரத் துறை வைத்திருப்பவனே முதலில் புகுவான். மேலும், சான்று ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவ்விதி எங்கும் சொல்லவில்லை. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ இன்று இல்லை; ஆயினும் அதன் பழைய இதழ்கள் சான்றுகளே. தமிழில் எழுதப்பட்ட ஆய்வுநூலும் சான்றே. குறை, விதியிலன்று; எழுதாத கையில் இருக்கிறது.

எழுதிய கைகளும் எப்படி எழுதின? ஆண்டுவிழா மலரைப் புரட்டினால் பாதிப் பக்கம் வாழ்த்துரை. நன்கொடை தந்தவர் ‘வள்ளல்’; கடை வைத்தவர் ‘தொழில் வேந்தர்’. பொன்னாடை போர்த்திய படம் உண்டு. கடை எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை பேர் அங்கே பணியாற்றினர், போட்டியில் எப்படி நொடித்தது, மீண்டும் எப்படி எழுந்தது என்னும் செய்தி ஒன்றும் இராது. ஐம்பதாண்டுக்குப் பின் வரும் ஆராய்ச்சியாளன் அம்மலரை எடுத்தால் அவனுக்குக் கிடைப்பது பொன்னாடையின் சரிகை மட்டுமே. மலர்களைச் சான்றாக ஏற்க மறுக்கும் விதியைத் தமிழ்ப்பகை என்று குறைகூறுவதற்கு முன், அம்மலர்கள் எதற்குச் சான்று என்பதைத் தமிழர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோழர் கல்வெட்டுகளின் தலையில் மெய்க்கீர்த்தி இருக்கும். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, பாயான் லெப்பாஸுக்கு வடக்கே கடல் கடந்தால் எட்டும் கெடா மண்ணோடு பொருத்திக் காணப்படும் கடாரத்தை அவன் கொண்டதாக முழங்குகிறது. வரலாற்றறிஞர் அம்முழக்கத்தை அப்படியே நூலில் ஏற்றவில்லை. செப்பேட்டோடும் அயல்நாட்டாரின் குறிப்போடும் அகழ்வில் கிடைத்த பொருளோடும் ஒப்பிட்டு, எது மெய், எது கீர்த்தி என்று பிரித்தனர். மண்ணாண்ட மன்னனின் சொல்லுக்கே இத்தகைய சோதனை என்றால், சில்லு விற்கும் நிறுவனத்தின் சொல்லுக்குச் சலுகை ஏன்?

தமிழில் கலைக்களஞ்சியம் சமைத்தவர்கள் இதை அறிந்திருந்தனர். ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910ஆம் ஆண்டு வெளிவரப் பாண்டித்துரைத் தேவர் துணைநின்றார். அதனால் அந்நூல் அவர் புகழ்பாடும் ஏடாகிவிடவில்லை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘கலைக்களஞ்சிய’மும் செய்தியை நாடியதேயன்றிப் புகழை நாடவில்லை. அம்மரபின் வழித்தோன்றலே இன்றைய இணையக் களஞ்சியம். அதன் பக்கங்களை வாடகைச் சுவராக்குவது முன்னோர் உழைப்பின் மேல் சுவரொட்டி ஒட்டுவதாகும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர் அந்நிறுவனம் பற்றித் தாமே எழுதாதிருக்கட்டும். பிழை கண்டால், தாம் இன்னார் என்று சொல்லித் திருத்தம் கேட்கட்டும். களஞ்சியத்தைக் காப்போர் சான்றில்லாப் பெயரடைகளைக் களையட்டும். களைந்தபின் ஒன்றும் எஞ்சாவிடில் கட்டுரையையே நீக்கட்டும். நாளேடுகள் செய்திக்குறிப்பைச் செய்தி என்று அச்சிடும் பழக்கத்தை விடட்டும். இவையனைத்தினும் முதன்மையானது எழுத்தாளர் கடமை. விமர்சனமும் பாராட்டும் ஒருங்கே தாங்கும் வரலாற்றை, எவரிடமும் கைநீட்டாமல், அவர்கள் எழுதட்டும்.

1972இல் பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸின் தொழிற்சாலைக்குள் முதன்முதலாக நுழைந்த பெண்ணுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அவள் கண்பார்வை நுண்ணோக்கியில் தேய்ந்ததா, அவள் ஊதியத்தில் தம்பி படித்தானா, 1985இல் அவளை அனுப்பினார்களா, வைத்துக்கொண்டார்களா என்பதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும். நிறுவனத்தின் வழவழப்பான ஏடு அடுத்த ஆண்டும் அச்சாகும். அதற்கடுத்த ஆண்டும் அச்சாகும். அவளிடம் கேட்பதற்கோ இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.